நுளம்பு பிடிக்கப் பழக்கிய யோகக்கா

கொழும்பு பதின்மூன்றில் நுளம்புகளுக்கு ஒரு சங்கம் இருந்தால், அதன் முதல் தீர்மானம் யோகக்காவுக்கு எதிராகத்தான் இருக்கும். இரண்டாவது தீர்மானமும் அவருக்கு எதிராகத்தான். மூன்றாவதாக வேண்டுமானால் தேநீர்ச் செலவைப் பற்றிப் பேசுவார்கள்.

யோகேஸ்வரி என்பது அடையாள அட்டையில் உள்ள பெயர். ஜிந்துப்பிட்டியில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், அவர் உட்பட. ஆனால் "யோகக்கா வாறாங்க" என்று யாராவது ஒரு குரல் கொடுத்தால் போதும், லேனின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் வாளி கவிழ்க்கிற சத்தம் கேட்கும். அவருடைய உத்தியோகம் அப்படி. டெங்கு ஒழிப்புக் கந்தோரில் கள உதவியாளர். ஒரு டோர்ச், ஒரு நீளக் கரண்டி, கழுத்தில் ஓர் அட்டை. வீடு வீடாகப் போய்ப் பூச்சாடி, தண்ணீர்ப் பீப்பாய், கூரைப் பீலி, பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு என்று எல்லாவற்றிலும் டோர்ச் அடித்துப் பார்ப்பார். கல்யாண வீட்டுக்குப் போனாலும் வாசலில் வைத்திருக்கும் நிறைகுடத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்ப்பார். நான் இரண்டு கல்யாணத்தில் கண்ணால் கண்டவன்.

தண்ணீருக்குள் சின்னப் புழு நெளிந்தால் அது நாளைய நுளம்பு. கந்தோர்த் தமிழில் குடம்பி. குடம்பி இருந்தால் அந்த வீடு பொசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். வெள்ளிக்கிழமை பின்னேரம் கந்தோரில் ஒரு பலகையில் யார் யார் எத்தனை பொசிட்டிவ் பிடித்தார்கள் என்று எழுதுவார்கள். கூடப் பிடித்தவருக்கு எல்லாரும் கைதட்டுவார்கள். குறையப் பிடித்தவரிடம் "என்ன, கண்ணாடி போடோணுமா?" என்று கேட்பார்கள். வீடு சுத்தமாக இருந்தால் கெட்ட பெயர், அழுக்காக இருந்தால் நல்ல பெயர். உலகத்திலேயே அழுக்கைக் கண்டு சந்தோஷப்படும் கந்தோர் அது ஒன்றுதான். பதினொரு வருஷம் யோகக்கா இந்தக் கைதட்டலுக்குள்தான் வாழ்ந்தார்.

பதினொரு வருஷமும் தற்காலிகம். ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம் கொடுப்பார்கள். ஆறு மாதம் முடிந்ததும் ஒருநாள் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு அடுத்த நாள் புதுக் கடிதம் கொடுப்பார்கள். அந்த ஒருநாள் இடைவெளியால் அவர் தொடர்ந்து வேலை செய்ததாகக் கணக்கில்லை. ஒரே வேலையில் இருபத்திரண்டு தடவை சேர்ந்த மனுஷியை நீங்கள் வேறெங்கும் பார்க்க முடியாது.

அவருடைய புருஷன் அழகுமுத்து அண்ணன் புறக்கோட்டையில் நாட்டாமி. அதாவது மூட்டை தூக்குகிறவர். தூக்கித் தூக்கி முதுகு ஒருநாள் "போதும்" என்று சொல்லிவிட்டது. இப்போது வீட்டில் இருக்கிறார். ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் இருப்பார், நேராக நிமிர்ந்தால் மழை வரும். ஆகவே அந்த வீட்டில் சாமி பெயருக்கு அடுத்ததாகச் சொல்லப்படும் வார்த்தை 'நிரந்தரம்'. நிரந்தரமானால் பென்ஷன். இல்லாவிட்டால் யோகக்காவின் கால் நிற்கிற அன்றைக்கு அடுப்பும் நின்றுவிடும்.

நிரந்தரத்துக்கு வயது நாற்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும். போன வருஷம் நவம்பரில் யோகக்காவுக்கு நாற்பத்தைந்து முடிய இருந்தது. பெயர்ப்பட்டியல் மூடுவது ஒக்டோபரில். இதுதான் கடைசிப் பட்டியல்.

ஜூன் மாதம் அவருடைய மேலதிகாரி மஜீட் சேர் கூப்பிட்டார். நான் பக்கத்து வீட்டுக்காரன், த்ரீவீல் ஓட்டுகிறவன். அன்று யோகக்காவைக் கந்தோரில் இறக்கிவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே போனதால் இதையெல்லாம் என் காதாலேயே கேட்டேன்.

"யோகா, ஒரு ஸ்கூல்ல சின்னப் புள்ளைகளுக்குச் செயலமர்வு ஒண்டு செய்யோணும். ஒண்டு, ரெண்டு, மூண்டாம் வகுப்பு. தமிழ்ல."

"அதுக்கு டீச்சர்மார் இருக்காங்களே சேர்."

"எங்கட யூனிட்ல தமிழ் கதைக்கிறது நீங்களும் நானும்தான். எனக்குச் சின்னப் புள்ளைகளக் கண்டா தல சுத்தும். ஊட்டுல நாலு ஈக்குது, அதுவே போதும்."

"சேர், நான் கேட்டுக்கு அந்தப்பக்கம் நிக்கிற நாயோட பேசித்தான் பழக்கம்."

"அப்ப சரியான ஆள் நீங்கதான். ஒண்டாம் வகுப்பு அதவிட மோசம்." பிறகு குரலைக் குறைத்தார். "மொதல் நாள் நீங்க படிப்பிக்கோணும். ரெண்டு கெழமையில ரெண்டாவது நாள். அதப் பாக்கப் பெரிய கந்தோர்ல இருந்து டொக்டர் பத்மாவதி வருவாங்க. அவங்க நல்லதா ரெண்டு வரி எழுதினா, ஒங்கட பேர நான் பட்டியல்ல மேல போடுவேன். நவம்பர் தாண்டினா மந்திரி வந்து சொன்னாலும் ஏலாது, விளங்குதா?"

யோகக்காவுக்கு விளங்கியது. திரும்பி வரும்போது ஆமர் வீதி சந்தி வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருந்த யோகக்காவை அன்றுதான் பார்த்தேன். வண்டிதான் பழுதாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

அடுத்த ஒரு கிழமை வீட்டில் ஒத்திகை. அழகுமுத்து அண்ணன்தான் இரண்டாம் வகுப்பு.

"பிள்ளைகளே, நுளம்பு எங்க முட்டை போடும்?"

"நம்ம வீட்டுல."

"இங்கருங்க, ஒழுங்கா பதில் சொல்லுங்க."

"உண்மையச் சொன்னா டீச்சருக்குக் கோவம் வருது. ஐயா, இந்த டீச்சரை மாத்துங்க."

"முதுகு சரியில்லைன்னு பாக்குறேன், இல்லாட்டி முழங்கால்ல நிக்க வச்சிருப்பேன்."

அந்த மனுஷன் சிரித்து நான் பார்த்தது அந்தக் கிழமையில்தான் அதிகம்.

பள்ளிக்கூடம் கொட்டாஞ்சேனையில். பெயர் வேண்டாம், எனக்கு அந்தப் பக்கம் ஹயர் ஓட வேண்டும். அதிபர் மாக்ரெட் மிஸ். அவர் ஒருமுறை பார்த்தால் மதிலில் இருக்கும் காகம்கூடக் கையைக் கட்டிக்கொள்ளும். மண்டபத்தில் நாற்பத்திரண்டு பிள்ளைகளைத் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். நானும் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், ஆனாலும் மாக்ரெட் மிஸ்ஸைக் கண்டதும் என் சட்டைப் பொத்தானைத் தானாகப் போட்டுக்கொண்டேன்.

கந்தோரில் கொடுத்த படங்களைப் புரொஜெக்டர் கருவியால் சுவரில் காட்ட வேண்டும் என்பது உத்தரவு. அறுபதோ எழுபதோ படம். முதல் படத்தில் இருந்த ஒரு சொல்லை வாசித்து முடிக்கவே யோகக்காவுக்கு ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டாவது படத்தில் பிரதீஸ் என்கிற ஒன்றாம் வகுப்புப் பொடியன் தன் அழிறப்பரைத் தின்னத் தொடங்கினான். மூன்றாவதில் ஒரு பிள்ளை தூங்கி மற்றப் பிள்ளையின் மடியில் விழுந்தது. ஐந்தாவதில் மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் மூத்திரம் வந்தது. ஒருவர் போனால் எல்லாருக்கும் வரும். அது டெங்குவைவிட வேகமாகப் பரவும் வியாதி.

மஜீட் சேர் வாசலில் நின்று தலையைப் பிடித்துக்கொண்டார்.

யோகக்கா அந்தக் கருவியை நிறுத்தினார். தன் கைப்பையைத் திறந்து ஒரு ஜாம் போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே வேறோர் ஏரியாவில் அள்ளிய தண்ணீர். தண்ணீருக்குள் பத்துப் பன்னிரண்டு புழுக்கள் தலைகீழாக நெளிந்துகொண்டிருந்தன.

"இது என்னான்னு சொல்லுங்க பார்ப்போம்."

நாற்பத்திரண்டும் எழும்பி ஓடி வந்தன. துறைமுகத்தில் கப்பல் வந்து இடித்தது போல மேசை ஆடியது.

"மீன் குஞ்சு டீச்சர்!"

"இல்ல, டான்ஸ் ஆடுது!"

"டீச்சர், இதுக்கு அம்மா இல்லையா?"

"அம்மா பறந்து போயிட்டா. நேத்து உங்களை யாரு கடிச்சது?"

"நுளம்பு!"

"அதான் இதோட அம்மா."

"அப்பா?"

"அப்பா கடிக்க மாட்டார். அவர் பாவம், பூவுல தேன் குடிச்சிட்டுச் சும்மா இருப்பார்."

"எங்க அப்பாவும் அப்படித்தான்" என்றாள் ரூபிகா. இரண்டாம் வகுப்பு, ஜிந்துப்பிட்டிப் பிள்ளை, யோகக்காவின் லேனுக்கு அடுத்த லேன். மாக்ரெட் மிஸ் சிரித்துவிட்டார். கொட்டாஞ்சேனை வரலாற்றில் அது முதல் தடவை.

அதற்குப் பிறகு யோகக்காவை யாராலும் பிடிக்க முடியவில்லை. பாதிப் பிள்ளைகளை நுளம்பாக்கினார், பாதிப் பிள்ளைகளைப் பீப்பாய் மூடியாக்கினார், மண்டபம் முழுக்க ஓடவிட்டார். நுளம்பு எங்கே முட்டை போடும் என்று ஒரு வரி சொல்லிக் கொடுத்தார்: சுத்தமான தண்ணி, நிழலான இடம், ஆட்டாத ஏனம். பிள்ளைகள் அதைக் கத்திக் கத்திச் சொல்லி, தூங்கின பிள்ளையும் எழும்பிச் சொல்லியது. நான் கண்ட வாத்திமார் எல்லாரும் சேர்ந்து ஏழு வருஷத்தில் எனக்கு ஏற்றாததை அந்த மனுஷி ஒரு மணித்தியாலத்தில் நாற்பத்திரண்டு மண்டையில் ஏற்றிவிட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நல்ல பெயர் என்றால் என்ன என்று அவருக்குத் தெரிந்தது அந்த வெள்ளிக்கிழமைப் பலகை ஒன்றுதான். அதையே பிள்ளைகளுக்கும் கொடுத்தார்.

"இப்ப எல்லாரும் குட்டி இன்ஸ்பெக்டர். வீட்டுல போய்த் தேடணும். யார் புழு கண்டுபிடிச்சு, போத்தல்ல போட்டு, மூடி இறுக்கிக் கொண்டு வாறீங்களோ, அவங்களுக்கு அடுத்த தடவை ரப்பர் வச்ச பென்சில் ஒன்னு தருவேன்."

மாக்ரெட் மிஸ் கைதட்டினார். மஜீட் சேர் கைதட்டினார். நான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினேன். பெரியவர்கள் இத்தனை பேர் நின்றோம், ஒருவருக்கும் பிழை தெரியவில்லை.

அந்தப் பன்னிரண்டு நாளும் யோகக்கா தரையில் நடக்கவில்லை. பிள்ளைகள் தெருவில் கண்டால் "டீச்சர்" என்று கூப்பிட்டார்கள். பதினொரு வருஷமாக "தண்ணி அக்கா", "டெங்கு மனுஷி" என்று கேட்ட காது. முதல் நாள் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தார். எங்கள் லேன் கடையில் டோர்ச் பற்றரி முடிந்துபோயிற்று. கட்டிலுக்குக் கீழே, கோழிக் கூட்டுக்குள், தாத்தாமார் பல்செட் போட்டு வைக்கும் கோப்பைக்குள் என்று பிள்ளைகள் டோர்ச் அடித்துத் திரிந்தார்கள்.

ஒரே ஒரு கரைச்சல். புழு இல்லை.

இருக்காதுதானே. பதினொரு வருஷமாக யோகக்கா கரண்டி போட்ட இடம். நாலாம் நாள் பிரதீஸ் அழுதுகொண்டு யோகக்கா வீட்டு வாசலில் வந்து நின்றான். அன்று நான் படியில் உட்கார்ந்து டயர் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், எங்க வீட்டுல ஒன்னுமே இல்ல."

"நல்லாத் தேடுனீங்களா?"

"தேடுனேன். ரூபிகா வீட்டுலயும் இல்ல. எனக்குப் பென்சில் கிடைக்காதா?"

அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து "இல்லாவிட்டால் ரொம்ப நல்லது மகன், அதற்குத்தான் பென்சில்" என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கே அது இப்போதுதான் தெரிகிறது. யோகக்கா அவன் மூக்கைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "இன்னும் நல்லாத் தேடுங்க. இருக்கும்."

இரண்டாவது நாள் டொக்டர் பத்மாவதி வெள்ளவத்தையிலிருந்து வந்தார். பருத்திச் சேலை, கண்ணாடி, மெதுவான குரல். மேசையில் போத்தல்கள் வரிசையாக இருந்தன. ஜாம் போத்தல், சோஸ் போத்தல், மருந்துப் போத்தல், ஒரு பிள்ளை அச்சாறுப் போத்தலைக் கழுவாமலே கொண்டு வந்திருந்தது. நாற்பத்திரண்டு பிள்ளைக்கு அறுபது போத்தலுக்கு மேல் இருக்கும். பக்கத்தில் பென்சில் பெட்டி. யோகக்கா தீபாவளிச் சேலையைக் கட்டியிருந்தார். மஜீட் சேரின் முகம் ஹஜ் பெருநாள் போல இருந்தது.

"இவ்வளவும் பிள்ளையள் தேடிப் பிடிச்சதோ?" என்றார் டொக்டர்.

"ஓம் மேடம்" என்றார் மஜீட் சேர். "எல்லாம் எங்கட ஆள் பழக்கினது."

டொக்டர் குனிந்து ரூபிகாவிடம் கேட்டார். "நீங்கள் எங்க பிடிச்சனீங்கள், செல்லம்?"

"பிடிக்கல்ல மிஸ். வளர்த்தேன்."

"என்ன?"

"வளர்த்தேன் மிஸ். யோகட் கப்ல தண்ணி ஊத்தி அலுமாரிக்குப் பின்னால வச்சேன். சுத்தமான தண்ணி, நிழலான இடம், ஆட்டாத ஏனம்." வரி பிசகாமல் சொன்னாள். "அஞ்சு நாள்ல வந்துச்சு. பிரதீஸுக்கும் நான்தான் குடுத்தேன். ரெண்டு டொபி தந்தான்."

டொக்டர் நிமிர்ந்தார். "வேற ஆரார் வளர்த்தனீங்கள்? கையை உயர்த்துங்கோ."

நாற்பத்திரண்டு கையும் மேலே போனது. தப்பாது என்று சிலர் இரண்டு கையையும் தூக்கினார்கள்.

"மிஸ், மிஸ்" என்று மூன்றாம் வகுப்பு கார்த்திகன் துள்ளினான். "முதல்ல வச்சதெல்லாம் நுளம்பாகிப் பறந்து போயிட்டு. அதால நான் திரும்பப் புதுசா வச்சேன்."

அந்த மண்டபத்தில் அப்போது ஒரு நுளம்பு பறந்திருந்தால் விமானம் போகிற மாதிரிக் கேட்டிருக்கும். மாக்ரெட் மிஸ் மஜீட் சேரைப் பார்த்தார். மஜீட் சேர் கூரையைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"இந்தப் பென்சில் யோசனை ஆருடையது?"

"நான்தான் மேடம்" என்றார் யோகக்கா.

"உங்களுக்குப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கப் பயிற்சி ஏதும் தந்தவையோ?"

"இல்ல மேடம்."

டொக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஏதாவது பதில் சொல்லலாம். "பிள்ளையளில ஒரு பிழையும் இல்லை. அவையள் நல்லாப் படிச்சிருக்கினம். ஆனா இப்ப நாற்பது வீட்டில நுளம்பு வளருது. நாளைக்கு ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா ஆர் பதில் சொல்லுறது?"

"மேடம், எங்க ஏரியாவுல புழுவே இல்ல மேடம். பதினொரு வருஷமா நான்தான் அந்த லேன் எல்லாம்…"

"அதைத்தானே நானும் சொல்லுறன். இல்லாத இடத்தில உண்டாக்கிப் போட்டியள்."

யோகக்கா பக்கத்தில் இருந்த ஒரு போத்தலின் மூடியை இறுக்கினார்.

மஜீட் சேர் ஒரு வார்த்தை சொல்வார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கட ஆள் பழக்கினது என்று ஐந்து நிமிஷத்துக்கு முன் சொன்ன வாய். "நான் அவகிட்ட இப்பிடிச் செய்யச் சொல்லல்ல மேடம்" என்றார். அது உண்மைதான். கைதட்டினது மட்டும்தான் அவர்.

பிள்ளைகளுக்கு இது ஒன்றும் விளங்கவில்லை. பெரியவர்கள் பேசி முடிக்கட்டும் என்று பார்த்திருந்தார்கள். பிறகு பிரதீஸ் வந்து யோகக்காவின் சேலையைப் பிடித்தான்.

"டீச்சர், பென்சில்?"

யோகக்கா டொக்டரைப் பார்த்தார். டொக்டர் தலையை ஆட்டினார். "குடுக்க வேண்டாம். குடுத்தா இது சரியெண்டு நினைப்பினம்."

"இன்னைக்கு இல்ல மகன்."

"நாளைக்கா?"

"இல்ல."

முதலில் அவன் அழுதான். ஒன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை அழுதால் போதும், மற்றப் பிள்ளைகளுக்குக் காரணம் தேவையில்லை. நிமிஷத்தில் மண்டபம் முழுக்க அழுகை. ரூபிகா மட்டும் அழவில்லை. தன் போத்தலைத் திரும்ப எடுத்துக்கொண்டு சொன்னாள்: "டீச்சர் பொய் சொன்னாங்க."

அன்று பின்னேரமே உத்தரவு வந்தது. நாற்பத்திரண்டு வீட்டையும் பரிசோதித்து, குடம்பி இருந்தால் சிவப்பு நோட்டீஸ். நோட்டீஸ் வாங்கினால் கோர்ட்டுக்குப் போய்த் தண்டம் கட்ட வேண்டும். ஏரியா தெரிந்தவர்தான் போக வேண்டும். ஏரியா தெரிந்தவர் ஒருவர்தான்.

ரூபிகாவின் அம்மா ஜெகதீஸ்வரி கதவு நிலையில் கையை வைத்து மறித்துக்கொண்டு நின்றார்.

"யோகக்கா, புள்ளைக்கு நீங்களே சொல்லிக் குடுத்து வளர்க்க வச்சிட்டு, நீங்களே நோட்டீஸும் கொண்டு வாறீங்களா? ஏன், கோர்ட்டுலயும் நீங்கதான் நீதிபதியா?"

"நான் கேட்டுப் பார்த்தேன் ஜெகதீஸ். முடியாதுன்னுட்டாங்க."

"எம் புருஷன் ஒருநாள் வேலைக்குப் போகாட்டி அன்னைக்கு எங்களுக்கு என்ன நடக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? உங்க வீட்டுலயும் அதே கதைதானே?"

"தெரியும்."

"தெரிஞ்சும் குடுக்கிறீங்க."

"கையெழுத்துப் போடுங்க ஜெகதீஸ்."

ஜெகதீஸ்வரி கையெழுத்துப் போட்டுப் பேனையைத் தரையில் போட்டார். யோகக்கா குனிந்து எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். ஒரே நாளில் முப்பத்தொன்பது வீடு. மூன்று வீட்டில் மட்டும் தாய்மார் முன்பே கண்டு ஊற்றிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பலகையில் எழுதினார்கள்: யோகேஸ்வரி, முப்பத்தொன்பது பொசிட்டிவ். அந்தக் கந்தோர் தொடங்கிய நாளிலிருந்து யாரும் அவ்வளவு பிடித்ததில்லையாம். பின்வரிசையில் இருந்த ஒரு புதுப்பிள்ளை விஷயம் தெரியாமல் கைதட்டத் தொடங்கி, பக்கத்தில் உள்ளவர் முழங்கையால் இடித்த பிறகு நிறுத்தியது. இதைச் சொல்லும்போது யோகக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். அழகுமுத்து அண்ணன் எழும்பி உள்ளே போய்விட்டார்.

பிறகு ஒக்டோபர் வரைக்கும் காத்திருப்பு. நல்லவேளை, எந்தப் பிள்ளைக்கும் காய்ச்சல் வரவில்லை. அதை யாரும் எங்கும் எழுதவில்லை, வராத காய்ச்சலுக்குப் பலகையில் இடமில்லை. யோகக்கா மஜீட் சேரிடம் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் "நான் எழுதி அனுப்பினேன் புள்ள, மேல இருந்து வரோணும்" என்றார். மூன்றாவது தடவை கேட்கப் போன நாளில் அவர் லீவு. பட்டியல் ஒட்டிய அன்று நானும் கூடப் போனேன். சிங்களத்தில், ஆங்கிலத்தில், தமிழில் என்று மூன்று தரம் ஒட்டியிருந்தார்கள். தமிழில் இல்லாத பெயர் மற்றதில் இருக்காது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் மூன்றையும் மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் பார்த்தார்.

"அக்கா, வாங்க" என்றேன்.

"இரு தம்பி. ஒருவேளை வேற பக்கத்துல ஒட்டியிருப்பாங்க."

வேறு பக்கத்தில் ஒட்டியிருந்தது கன்டீன் விலைப் பட்டியல்.

நவம்பரில் பிறந்தநாள் வந்தது, போனது. அதற்கு அடுத்த கிழமை ஆறு மாதக் கடிதத்துக்குப் போனோம். நல்ல மழை, அதனால் நானும் உள்ளே போய் நின்றேன். கடிதம் கொடுக்கும் கிளார்க் கைருன்னிஸா, நல்ல பிள்ளை, எங்களுக்கு இருக்கக் கதிரையும் இழுத்துப் போட்டாள். படிவத்தில் கீழே ஒரு வரி இருக்கிறது: நிரந்தர நியமனத்துக்கு விண்ணப்பிக்கிறீரா, ஆம், இல்லை. யோகக்கா இருபத்திரண்டு தடவையும் 'ஆம்' என்ற பெட்டிக்குள் அடையாளம் போட்டவர். பழக்கத்தில் பேனை அங்கே போனது.

"யோகாக்கா, இனி அதுல ஒண்டும் போடத் தேவல்ல" என்றாள் கைருன்னிஸா.

"இல்லைன்னு போடவா?"

"அதுவும் தேவல்ல. வயசு தாண்டினவங்களுக்கு அந்த வரி இல்ல." மேசையிலிருந்து அடிமட்டத்தை எடுத்து, வளையாமல், அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்தாள். பிறகு படிவத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "கீழ கையெழுத்து மட்டும் போடுங்க."

யோகக்கா கையெழுத்துப் போட்டார்.

வண்டியில் ஏறினதும் சொல்ல ஒரு பகிடி யோசித்து வைத்திருந்தேன். எந்தச் செத்த வீட்டிலும் எனக்கு வாய் அடைத்ததில்லை. அன்று வழியை மட்டும் கேட்டேன்.

"எங்க அக்கா போறது, வீட்டுக்கா?"

"இல்ல தம்பி. மழை விட்டா தண்ணி தேங்கும். லேன் முனையில இறக்கிவிடு."

இறக்கிவிட்டேன். முதல் வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. தட்டினதும் அதை நிறுத்தினார்கள். கதவு திறக்கவில்லை.